அச்சு முறுக்கின் பெயர்கள்

தீபாவளிக்கு நம் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் சுடப்படும் அச்சு முறுக்கை அறியாதார் இலர். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி ஆகியவற்றைக் கரைத்து, கொதிக்கும் எண்ணெயில் காய்ந்த அச்சினை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை தோய்த்துப் பொரிப்பர். அச்சு காயாவிடில் மாவு ஒட்டாது. முழுவதும் மூழ்கினால் முறுக்குக் கழலாது.

இதனை மலாய்மொழியில் 'குவே லோயாங்' என்பர். லோயாங் என்றால் பித்தளை. அச்சு செய்யும் உலோகம். ஆங்கிலத்திலோ தேன்கூட்டின் பெயரால் 'பீஹைவ்' என்பர். இத்தாலியரின் பொரித்த இனிப்பொன்றுக்கு அவர்கள் மொழியில் 'அரட்டை' எனப் பொருள்படும் பெயர். ஆங்கிலத்தில் அதுவே 'தேவதைச் சிறகு' ஆயிற்று.

ஆங்கிலப் பெயர் உருவத்தைக் காட்டுகிறது. தமிழ்ப் பெயரோ செய்முறையைக் காட்டுகிறது. ஆதலின் அப்பெயரை மறவாதீர்! வரும் தீபாவளிக்குத் தாயார் அச்சினை எடுக்கும்பொழுது, அருகிருந்து செய்முறையையும் கற்றுக்கொள்வீர்களாக!