மலைப் பாறையில் தேயும் நிலநடுக்க அலைகள்



மண்பானை வாங்கும் நம் தாய்மார்கள் முதலில் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானையோ பொத்தென்று அடங்கிவிடும். தட்டிய விரல் ஒன்றுதான். கீறல் ஒலியை விழுங்கிவிடுகிறது. பூமிக்குள் ஓடும் நிலநடுக்க அலைகளின் கதியும் இதுவே.

நிலத்தின் ஆழத்தில் பாறை திடீரென உடைந்து நழுவும்போது, அந்த அதிர்ச்சி அலைகளாக நாற்புறமும் பரவுகிறது. போகப் போக அவ்வலைகள் வலுவிழக்கின்றன. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பரவல். குளத்தில் கல் எறிந்தால், வட்டம் பெரிதாகப் பெரிதாக அலையின் உயரம் குறைகிறது அல்லவா? இருக்கின்ற ஆற்றலை மேலும் மேலும் அதிக இடத்துக்குப் பங்கிட வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, உராய்வு. அலை கடந்து செல்லும்போது பாறையின் துகள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது.

மூன்றாவது, சிதறல். வெடிப்பும் மடிப்பும் நிறைந்த பாறையில் அலை நேராகச் செல்ல முடியாமல் பல திசைகளில் தெறித்துச் சிதறுகிறது.

இம்மூன்றில் பின்னிரண்டும் இளம் மலைப் பகுதிகளில் மிகுதி. இமயமலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெரும் நிலத்தட்டுகள் மோதியதால் பாறைகள் மடிந்தும் நொறுங்கியும் உயர்ந்த மலை அது. அதற்கு வடக்கே, திபெத்து மேட்டுநிலத்தின் அடியில், பூமியின் மேலோடு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தடிப்பானது. இது சாதாரண நிலப்பகுதியில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அதன் ஆழ்பகுதி சூடேறியும் இருக்கிறது. பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறையில் வெகுதூரம் ஓடக்கூடிய அலைகள், இங்கே சீக்கிரமே தளர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் மலை நமக்குக் காவல் என்று நம்பி இருந்துவிடலாமா? முடியாது. ஏனெனில் எல்லா அலைகளும் ஒரே அளவில் தேய்வதில்லை.

தூரத்துக் கோயிலில் திருவிழா நடந்தால், நம் வீட்டு வாசலுக்கு எது வந்து சேருகிறது? தாளத்தின் மெல்லிய ஓசை வழியிலேயே கரைந்துவிடும். பெரிய மேளத்தின் ‘தும் தும்’ மட்டும் வரும். நிலநடுக்கத்திலும் அவ்வாறே. விநாடிக்குப் பத்துமுறை துடிக்கும் குறு அலைகளும் உண்டு. ஒருமுறை ஆடி முடிக்க 2 விநாடி எடுக்கும் நெடிய அலைகளும் உண்டு. பாறையில் அலை விநாடிக்கு 3.5 கிலோமீட்டர் செல்வதாக வைத்துக்கொள்வோம். 350 கிலோமீட்டர் கடக்க 100 விநாடி ஆகும். அதற்குள் குறு அலை ஆயிரம் முறை துடிக்கும். நெடிய அலையோ ஐம்பது முறைதான் ஆடும். ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிது ஆற்றல் செலவாகிறது. ஆகவே குறு அலை வழியிலேயே களைத்துப்போகிறது. நெடிய அலை ஊர் வந்து சேர்கிறது.

இந்த உண்மையை மெக்சிக்கோ நகரம் மிகுந்த துயரத்தோடு கற்றுக்கொண்டது. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், பசிபிக் கடலோரத்தில் ரிக்டர் அளவையில் ஏறத்தாழ 8 என மதிப்பிடப்பட்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. மலைகள் சூழ்ந்த தலைநகரோ அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அலைகள் வழியில் வெகுவாகத் தேய்ந்தன. நகரில் கெட்டிப் பாறைமேல் இருந்த பகுதிகளில் அதிர்வு குறைவாகவே இருந்தது. ஆனால் நகரின் நடுப்பகுதி, பழைய ஏரி ஒன்றின் மென்மையான களிமண்மேல் கட்டப்பட்டது. வந்து சேர்ந்த 2 விநாடி அலைகளுக்கு இசைவாக அந்தக் களிமண்ணும் ஆடியது. பாறைமேல் இருந்ததைவிட அங்கே அதிர்வு ஏறக்குறைய ஐந்து மடங்கானது. அதே தாளத்தில் ஆடக்கூடிய, 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்களே பெரிதும் இடிந்தன. பல ஆயிரம் உயிர்கள் பறிபோயின. அவற்றின் அருகிலேயே, தாழ்ந்த பழைய கட்டடங்கள் பல நிலைத்து நின்றன.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் கரையோரத்தில் எழுந்த பெரும் அதிர்ச்சியைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உயர்ந்த மாடிகளில் இருந்தோர் உணர்ந்தார்கள். தூரத்தைத் தாண்டி வந்தவை நெடிய அலைகளே. தோட்டத்து லயங்களைவிட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துள்ள நம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. விளக்கும் திரைச்சீலையும் மெதுவாக ஆடக் கண்டால் பதறி ஓடாதீர்கள், மின்தூக்கியில் ஏறாதீர்கள். கண்ணாடிச் சன்னல்களைவிட்டு விலகி, உறுதியான மேசைக்கடியில் குனிந்து பிள்ளைகளை அணைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றபின் படிவழியே இறங்குங்கள்.

தூரமும் மலையும் ஓரளவே காக்கும். மீதியை நம் காலடி மண்ணும், அதன்மேல் நாம் எழுப்பும் கட்டடத்தின் உறுதியும் தீர்மானிக்கின்றன.