கல் இருக்கு, குறிப்பு இல்லை: இடிஞ்சு எழுந்த மூணு கோயில்கள்

இந்தியாவுக்கு வெளியே பார்க்கவேண்டிய இந்துக் கோயில்கள் பற்றி ஒரு எபிசோட் பண்ணுங்கனு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. பத்து கோயில் பேரை வரிசையா சொல்லி முடிச்சிடலாம். ஆனா அந்த மாதிரி பட்டியல் எங்க தேடினாலும் கிடைக்கும். அதனால நான் மூணே மூணு கோயிலைத்தான் எடுத்துக்கறேன். மூணும் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கு. மூணும் ஒரு காலத்தில் இடிஞ்சு கிடந்தவை. அதைத் திரும்ப எப்படி எழுப்பினாங்க, எதை எழுப்ப முடியாமலே போச்சு, அதுதான் இன்னைக்கு விஷயம்.

இந்த விஷயத்துக்குள்ள நான் எப்படி வந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க அம்மா ஊர்ல ஒரு சின்ன சிவன் கோயில். முன்னாடி பதினாறு தூண் வெச்ச கல் மண்டபம். லீவுக்குப் போனா மதியம் முழுக்க அங்கதான் படுத்துக் கிடப்போம். நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது திருப்பணின்னு சொல்லி மண்டபத்தைப் பிரிச்சாங்க. தூண், போதிகை, உத்தரம், மேல மூடியிருந்த பாவுகல் எல்லாத்தையும் குளக்கரையில அடுக்கி, பெயின்ட்ல நம்பர் போட்டாங்க. அப்புறம் பணம் தீர்ந்துபோச்சு, வேலை நின்னுபோச்சு. ரெண்டு மழைக்காலத்துல பெயின்ட் அழிஞ்சுபோச்சு. எந்த நம்பர் எந்த இடம்னு எழுதி வெச்ச நோட்டு யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியல.

போன பொங்கலுக்குப் போனப்ப மாமா கேட்டார்: "மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இந்தக் கல்லையெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டா எது எங்கன்னு அது சொல்லிடாதா?" நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அதே வருஷம் டிசம்பர்ல கம்போடியா போனேன். மாமா கேட்ட கேள்வியை மூணு லட்சம் கல்லை வெச்சுக்கிட்டு கேட்டவங்க கதையை அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பாபுவோன், கம்போடியா

சியம் ரீப் போறவங்க எல்லாரும் அங்கோர் வாட் பார்ப்பாங்க. பார்க்கணும். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்ட ஆரம்பிச்ச கோயில் அது. அங்கிருந்து வடக்கே அங்கோர் தோம் என்ற பழைய தலைநகரம். அதன் நடுவில் முகங்கள் செதுக்கிய கோபுரங்களோடு பாயோன் இருக்கு. கூட்டம் முழுக்க அங்க நின்னு செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடும். பாயோனுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் வடமேற்கே, பாபுவோன் இருக்கு. நான் போனப்ப அங்க பத்து பேர்கூட இல்லை.

பாபுவோன் அங்கோர் வாட்டைவிடப் பழசு. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் உதயாதித்யவர்மன் காலத்தில், சிவனுக்காகக் கட்டினது. மேருமலை மாதிரி அடுக்கடுக்கா உயரும் அமைப்பு. 1296-ல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக் குழுவில் இருந்த சோவ் தாகுவான் இங்கே ஒரு வெண்கலக் கோபுரம் இருந்ததா எழுதி வெச்சிருக்கார்.

ஆனா டிசைன்லயே ஒரு சிக்கல். வெளியே பார்க்க கல் மலை, உள்ளே முழுக்க மணலும் மண்ணும். கல் சுவர்தான் அந்த மண்ணைப் பிடிச்சு நிறுத்துது. பல நூறு வருஷம் மழைத் தண்ணி உள்ளே இறங்கி, ஈர மண் சுவரை வெளியே தள்ளித் தள்ளி, கடைசியில் 1943-ல் ஒரு பெரிய பகுதி சரிஞ்சு விழுந்தது.

1960-களில் பிரெஞ்சுக்காரர்களின் தூரக்கிழக்கு ஆய்வு நிறுவனம் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கினது. கோயிலைக் கல் கல்லாகப் பிரிப்பது, உள்ளே கான்கிரீட்டில் தாங்கு சுவர் கட்டுவது, பிறகு அதே கல்லை அதே இடத்தில் திரும்ப வைப்பது. புதுக் கல்லைத் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும்தான் சேர்ப்பாங்க. இந்த முறைக்கு அனஸ்டைலோசிஸ்னு பேர். பிரிச்ச கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டு, சுத்தியிருந்த காட்டுக்குள்ள வரிசையாக் கிடத்தினாங்க. எந்தக் கல் எங்கிருந்து வந்ததுன்னு பதிவும் பண்ணி வெச்சாங்க. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்தது.

1970-ல் உள்நாட்டுப் போர். கொஞ்ச நாள்ல வேலை நின்னுபோச்சு. 1975-ல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடிச்சதும் அந்தப் பதிவுகள் அழிக்கப்பட்டன. காட்டுக்குள்ள சுமார் மூணு லட்சம் கல். எது எங்கன்னு சொல்ற காகிதம் ஒண்ணுகூட அங்க இல்லை.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சர்வரை மாத்தறோம்னு எல்லாத்தையும் கழட்டிப் போட்டாச்சு. மேப்பிங் இருந்த ஃபைல் போயிடுச்சு. பேக்கப் இல்லை. எழுதினவங்க நாட்டிலேயே இல்லை. அந்த ஆட்சியில் கொல்லப்பட்டும் பட்டினியாலும் லட்சக்கணக்கான மக்கள் இறந்தாங்க. அங்கோரில் வேலை செஞ்ச அனுபவசாலிகளும் அதில் இருந்தாங்க. ஃபைல் போனதோட சேர்ந்து, அதை மனசுல வெச்சிருந்த மனுஷங்களும் போயிட்டாங்க.

1995-ல் பாஸ்கல் ரோயேர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையில் வேலை திரும்ப ஆரம்பிச்சது. கதை கேட்டதும் எனக்குத் தோணினது மாமாவோட யோசனைதான்: எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மேட்ச் பண்ணிடலாமே? நேர்ல போய்க் கல்லைப் பார்த்ததும் அந்த வாயை மூடிக்கிட்டேன். ஒரே மாதிரி வரி, ஒரே மாதிரி பூ, நூத்துக்கணக்கான கல்லில் திரும்பத் திரும்ப வருது. ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு. எதை வெச்சு மேட்ச் பண்றது?

அவங்களுக்கு உதவினது மூணு விஷயம். ஒண்ணு, பாரிஸில் தப்பிப் பிழைச்சிருந்த பழைய புகைப்படங்களும் வரைபடங்களும். ரெண்டு, 60-களில் அங்க வேலை செஞ்சு உயிரோட மிஞ்சின கம்போடியத் தொழிலாளிகளின் ஞாபகம். மூணாவது, கல்லேதான். இந்தக் கோயிலில் சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோட உட்காரும்படி தனித்தனியா வெட்டப்பட்டது. ஒரு கல்லைத் தப்பான இடத்தில் வெச்சா அதுக்கு மேல வரவேண்டிய கல் உட்காராது. நம்ம பாஷையில் சொன்னா, தப்பா வெச்சா கம்பைல் ஆகாது. அப்படி ஒவ்வொரு கல்லா அளந்து, வெச்சு, எடுத்து, திரும்ப வெச்சு, 2011 ஜூலை 3-ஆம் தேதி கோயிலைத் திறந்தாங்க. பதினாறு வருஷம்.

போனீங்கன்னா மேற்குப் பக்கம் கண்டிப்பா சுத்திப் போங்க. சுவர் முழுக்க ஒரு படுத்த புத்தர், சுமார் 70 மீட்டர் நீளம். பின்னாடி வந்த தலைமுறை பௌத்தத்துக்கு மாறி, சிவன் கோயில் கல்லையே எடுத்து அடுக்கிச் செஞ்சது. சீரமைச்சவங்களுக்கு இங்க ஒரு தர்மசங்கடம். 11-ஆம் நூற்றாண்டு வடிவத்துக்குக் கொண்டு போகணும்னா புத்தரைப் பிரிக்கணும். அவங்க பிரிக்கலை. ரெண்டு காலத்தையும் ஒரே கட்டடத்தில் விட்டுட்டாங்க. சட்டுனு பார்த்தா புத்தர் தெரியமாட்டார். கொஞ்சம் தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தா முகம் மெதுவா வரும்.

பிரம்பானான், ஜாவா

பிரெஞ்சுக்காரங்க இந்த முறையைத் தாங்களா கண்டுபிடிக்கலை. ஆன்றி மார்ஷல் என்ற அங்கோர் அதிகாரி 1930-ல் ஜாவாவுக்குப் போய், அங்க டச்சுக்காரங்க செஞ்சுட்டிருந்த வேலையைப் பார்த்துக் கத்துக்கிட்டு வந்தார். வந்து, முதல்ல பாந்தியாய் ஸ்ரேய் என்ற சின்ன அழகான சிவன் கோயிலில் செஞ்சு பார்த்தார். அதனால நம்ம ரெண்டாவது கோயில் ஜாவாவில், யோக்யகார்த்தா நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற பிரம்பானான். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட போனேன்.

9-ஆம் நூற்றாண்டுக் கோயில். கி.பி. 856 தேதியிட்ட ஒரு கல்வெட்டு இதைத்தான் சொல்லுதுன்னு அறிஞர்கள் கருதறாங்க. நடுவில் சிவன், ரெண்டு பக்கமும் பிரம்மா, விஷ்ணு. சிவன் கோயில் உயரம் 47 மீட்டர். மொத்த வளாகத்தில் பெரிசும் சிறிசுமா 240 கோயில்கள் இருந்திருக்கு. 10-ஆம் நூற்றாண்டில் அரசவை கிழக்கு ஜாவாவுக்கு மாறினதும் கோயில் கைவிடப்பட்டது. பூகம்பத்தில் இடிஞ்சது. ஊர்க்காரங்க கல்லை எடுத்துட்டுப் போய் வேற வேலைக்குப் பயன்படுத்திக்கிட்டாங்க.

1918-ல் தொடங்கின சீரமைப்பில் சிவன் கோயில் முடிஞ்சது 1953-ல். நடுவில் ஒரு உலகப் போர், ஒரு விடுதலைப் போர். ஆரம்பிச்சது காலனி அரசு, முடிச்சது சுதந்திர இந்தோனேசியா. இங்க எனக்குப் பிடிச்சது அவங்க வெச்ச ஒரு விதி: ஒரு கோயிலின் அசல் கல்லில் குறைஞ்சது 75 சதவீதமாவது கையில் இருந்தால்தான் எழுப்புவாங்க. இல்லைனா தொடமாட்டாங்க. அதனாலதான் பெரிய கோயில்களைச் சுத்தி வரிசை வரிசையா கற்குவியல் இன்னும் கிடக்கு. முதல்ல எனக்கு அது முடிக்காத வேலை மாதிரித் தெரிஞ்சது. இப்ப யோசிச்சா, தெரியாததை இட்டுக்கட்டி நிரப்பாம விட்ட நேர்மைனு தோணுது.

சிவன் கோயிலில் நாலு திசைக்கும் ஒரு அறை. வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கு அறைக்குப் போனா தாடியும் தொந்தியுமா ஒருத்தர் நிக்கறார். நம்ம அகத்தியர். பொதிகை மலையில் இருக்கார்னு பாட்டி சொன்ன ஆளை ஜாவாவில் பார்த்தப்ப, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம், சிவன் கோயிலின் சுத்துச்சுவர் உள்பக்கம் ராமாயணச் சிற்பங்கள் தொடங்கி, பிரம்மா கோயிலில் முடியுது. வலமா சுத்தினா கதை வரிசையா வரும்.

மீ சோன், வியட்நாம்

மூணாவது கதை தலைகீழ். மத்திய வியட்நாமில், ஹோய் ஆன் ஊரில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. சம்பா நாட்டு அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டில் இருந்து பல நூறு வருஷம் சிவனுக்குக் கோயில் கட்டின இடம். பத்ரவர்மன் என்ற அரசன் தன் பேரைச் சேர்த்து, இங்கே சிவனுக்கு பத்ரேஸ்வரன்னு பேர் வெச்சான். பெரும்பாலும் செங்கல். இடைவெளியே தெரியாத அளவுக்கு ஒட்டி அடுக்கின செங்கல்.

ஆன்றி பர்மாந்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கோயில்களை அளந்து துல்லியமா வரைஞ்சு வெச்சார். டாக்குமென்டேஷன்னா அது டாக்குமென்டேஷன். அந்த வரைபடங்கள் இன்னைக்கும் இருக்கு. ஆனா 1969 ஆகஸ்டில், வியட்நாம் போரில், அமெரிக்கக் குண்டுவீச்சு இந்தப் பள்ளத்தாக்கில் விழுந்தது. ஏ1 என்று குறிக்கப்படும், அங்க இருந்ததிலேயே சிறந்த கோபுரம் நொறுங்கிப்போச்சு. அது எப்படி இருந்ததுன்னு வரைபடத்தில் பார்க்கலாம். திரும்ப நிறுத்த அசல் செங்கல் இல்லை. குண்டு விழுந்த பள்ளங்களை இப்பவும் புல் மூடிக் கிடக்கறதைப் பார்க்கலாம்.

பாபுவோனில் கல் இருந்தது, குறிப்பு இல்லை. மீ சோனில் குறிப்பு இருக்கு, கல் இல்லை. முதலாவதை பதினாறு வருஷத்தில் சரிபண்ண முடிஞ்சது. ரெண்டாவதை எத்தனை வருஷமானாலும் முடியாது.

ஆனா அங்க வேலை நிக்கலை. இந்தியத் தொல்லியல் துறையும் சில வருஷம் அங்க சீரமைப்பு செஞ்சது. 2020 மே மாசம், அந்த வேலையின்போது மண்ணுக்குள்ள இருந்து ஒரே கல்லில் செஞ்ச சிவலிங்கம் ஒண்ணு முழுசா கிடைச்சது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

போறவங்களுக்கு

அங்கோருக்கு ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூணு நாள் பாஸ் 62 டாலர். மூணு நாளே எடுங்க. தோளும் முட்டியும் மூடின உடுப்பு வேணும். பாபுவோன் படி செங்குத்தா இருக்கும், அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனா கீழேயே நல்ல நிழல் இருக்கு. கம்போடியாவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். ஜாவாவில் மழை குறைவா இருக்கிறது மே முதல் செப்டம்பர் வரை. அந்த மாசங்களில் பிரம்பானான் பக்கத்துத் திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டியம் நடக்கும். மீ சோனுக்கு விடியற்காலையிலேயே கிளம்பிடுங்க. பத்து மணிக்கு மேல வெயில் தாங்காது.

கடைசியா, மாமா கேட்ட கேள்வி. கம்போடியாவில் இருந்தே அவருக்கு போன் பண்ணினேன். "மாமா, கம்ப்யூட்டரை விடுங்க. அந்த மண்டபத்துல யார் யார் கல்யாணம் நடந்ததுன்னு சொல்லுங்க"ன்னேன். அவருக்குப் புரியலை. அந்த ஊர்ல ரொம்ப வருஷம் கல்யாணம் எல்லாம் அந்த மண்டபத்துலதான். கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை, பொண்ணுக்குப் பின்னாடி என்ன தெரியும்? தூண் தெரியும்.

இந்தப் பொங்கலுக்குப் போய் வீடு வீடா ஆல்பம் வாங்கிப் பார்த்தோம். எங்க அம்மா கல்யாண போட்டோவுலேயே, அம்மா தலைக்கு மேல ஒரு யாளி. அந்தக் கல் குளக்கரையில் முள்ளுக்குள்ள கிடந்தது. மண்டபத்துல வேலை பார்த்த ஒரு தாத்தா இன்னும் இருக்கார், எண்பது தாண்டினவர். அவரை நாற்காலியில் உட்கார வெச்சு, கல்லைக் காட்டிக் காட்டிக் கேட்டு ரெக்கார்ட் பண்ணோம். இதுவரைக்கும் பதினொரு கல்லுக்கு இடம் தெரிஞ்சிருக்கு. ஷீட் ஒண்ணு போட்டு மூணு பேர்கிட்ட காப்பி குடுத்திருக்கேன். ஒண்ணு பிரின்ட் எடுத்து மாமா பீரோவுலயும் இருக்கு.

உங்க ஊர்லயும் பிரிச்சுப் போட்ட மண்டபம் இருந்தா, கல்லைத் தேடறதுக்கு முன்னாடி அந்தத் தாத்தாவைத் தேடுங்க. கல் காத்திருக்கும்.