மலைப்பாதையில் பழைய சொகுசுக் கார்
2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை, இலங்கையில் முன்பே இருந்த கார்களே திரும்பத் திரும்பக் கைமாறின. அவற்றுள் நெடுந்தூரம் ஓடிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ போன்றவற்றின் ஓட்டமானி, அதாவது ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி, திருத்தப்படக்கூடியது என்பதால், சேவைப் பதிவுகளோடு ஒப்பிடாமல் அதை நம்பலாகாது. ஹற்றனிலிருந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வளைந்தேறும் பாதையில் தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய் கடுமையாகச் சூடேறுகிறது. அது கறுத்துக் கருகல் வாடை வீசினால் அக்காரை வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது. சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் தாங்கும் கார்களை இரவு முழுவதும் நிறுத்திவைத்துக் காலையில் பார்க்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் பையின் ரப்பர் வெடித்துக் காற்றுக் கசிகிறது. காரின் விலை இறங்கினாலும் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே பழுதில் கரைந்துவிடலாம்.