நல்ல நேரத்துக்கு முன் நாள் கணக்கு

கர்ப்பிணியின் அட்டையில் ‘இ.டி.டி.’ என்று, பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதி ஏறிவிட்டால், வீட்டில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். வளைகாப்புக்கு நாள் பார்ப்பது, அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது, துபாயில் இருக்கும் கணவர் விடுப்புச் சொல்வது என எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். ஆனால், சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான்!

அந்தத் தேதியைக் குறிக்கும் கணக்கு மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பேராசிரியராக இருந்த பிரான்ஸ் நேகலேயின் பெயரால் வழங்குவது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, ஒன்பது மாதம் தள்ளிப் பார்க்க வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால், ‘பத்து மாசம் சுமந்தேன்’ என்று நம் தாய்மார்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது.

சிக்கல் அந்த 28-இல்தான். எல்லோருக்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறை வரும் பெண்ணுக்குக் கருமுட்டை ஒரு வாரம் தாமதமாகவே வெளியாகும். அவருடைய தேதியும் ஒரு வாரம் தள்ளும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சுழற்சியே ஒழுங்காக இராது. ‘பொங்கலுக்கு முந்தின வாரம் குளிச்சேன்’ என்று குத்துமதிப்பாகச் சொல்பவர்களும் உண்டு.

இதற்கு விடையாக வந்தது ஸ்கேன். கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து வயதைச் சொல்லலாம் என்று 1973-இல் கிளாஸ்கோவில் ஹ்யூ ராபின்சன் காட்டினார். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், இந்த அளவு ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் தவறுவது அரிது. நாள் ஏற ஏறப் பெற்றோரின் உடல்வாகு, தாயின் சத்து, சர்க்கரை எல்லாம் குழந்தையின் அளவில் தெரியத் தொடங்கிவிடும். கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் மூன்று வாரம் வரைகூடப் பிசகலாம். அதனால்தான் முதல் ஸ்கேனில் உறுதியான தேதியைப் பிறகு மாற்றுவதில்லை.

கரு உண்டான நாளே தெரிந்தாலும் பிறக்கும் நாள் பிடிபடாது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருமுட்டை வெளியான நாளைச் சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதிசெய்து எண்ணினார்கள். குறைப்பிரசவங்களைக் கழித்த பிறகும், தாய்க்குத் தாய் கர்ப்பகாலம் 37 நாள் வரை வேறுபட்டது.

இத்தனை நெகிழ்வான ஒரு தேதியை வைத்துக்கொண்டு, பிறந்த நட்சத்திரத்தை முன்கூட்டியே முடிவுசெய்கிறார்கள் என்பதுதான் கவலை. ஜோசியர் குறித்த முகூர்த்தத்துக்கு சிசேரியன் கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். எல்லாம் நாள் பார்த்துச் செய்தவை அல்ல. ஆனாலும் தேய்பிறைக்கு முன், ஆடி பிறப்பதற்கு முன் என்று அவசரப்படும் வீடுகளில் 37 வாரம் முடிந்ததே போதும் என்ற எண்ணம் இருக்கிறது. அட்டைக் கணக்கு இரண்டு வாரம் பிசகியிருந்தால் அந்தக் குழந்தைக்கு வயது 35 வாரம்தான். நுரையீரல் முழுதாகத் தயாராகாமல் இருக்கலாம். பிறந்ததும் தாயின் மடிக்கு வர வேண்டிய குழந்தை மூச்சுத்திணறலோடு இன்குபேட்டருக்குப் போக நேரலாம். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்யக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது இதனால்தான்.

ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற சிக்கல் இருந்தால் முன்கூட்டியே எடுப்பதும், 41 வாரம் கடந்தால் பிரசவ வலி வர மருந்து கொடுப்பதும் நியாயமே. அது மருத்துவர் முடிவு.

முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். ஜாதகத்தோடு யாராவது நாள் குறிக்க வந்தால், அந்த அறிக்கைப்படி அன்றைக்கு எத்தனை வாரம் ஆகிறது என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.