ஆனைமங்கலத்து நெல்லும் தீண்டாச்சேரியும்

கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரைக்கு, முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் நிலக்கொடையாக, அளித்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆவணம், 97 வேலிக்கு மேற்பட்ட அவ்வூர் நிலத்தைப் பிடியானை நடத்தி எல்லை வகுத்ததையும், அதிலிருந்து ஆண்டுதோறும் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் விகாரைக்குச் சேர வேண்டியதையும் பதிவு செய்கிறது. தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிவந்த வேந்தன், தான் வழிபடாத ஒரு சமயத்துக்காகத் தன் பண்டாரத்துக்கு வரவேண்டிய நெல்லை விட்டுக்கொடுத்தான் என்பதே இக்கொடையின் பெருமை. பிறர் வழிபாட்டைத் தடுக்காதிருப்பதற்கும், அவ்வழிபாடு நிலைக்கத் தன் வருவாயை இழப்பதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு.

கடல் வாணிகத்தின் ஆதாயமும் இதில் கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தந்தை வாய்மொழியாக இட்ட கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்த இராசேந்திரனே 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்த பின்னரும் விகாரை அழியாமல் நின்றதும், 1090இல் முதலாம் குலோத்துங்கன் அதன் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததும், அந்தச் சமயப் பொறை வெறும் வணிகக் கணக்கு அன்று என்பதைக் காட்டுகின்றன.

எனினும் அதே இராசராசனின் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களை ஊர்தோறும் எண்ணிச் சொல்லும்போது, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சேர்த்தே சொல்கின்றன. கடல் கடந்து வந்த புத்தருக்கு ஊரையே எழுதிக்கொடுத்த அரசு, அந்த நெல்லை விளைவிக்கும் நாட்டில் உழைத்தவர்களை ஊருக்குப் புறம்பே வைத்திருந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. காவிரிப் படுகையின் சமயப் பொறையைப் போற்றி எழுதுவோர் இப்பகுதியைக் கடந்துபோவது வேதனைக்குரியது. ஏனெனில் அந்தப் பிரிவினை செப்பேட்டுக் காலத்தோடு முடியவில்லை. விகாரை நின்ற இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே, கீழ்வெண்மணியில், கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர்.