சிவாலய ஓட்டமா? தாகம் எடுக்கும் முன்பே தண்ணி குடிங்க!

நாகர்கோவில்:
மகா சிவராத்திரி வந்தாலே குமரி மாவட்ட ரோடுகளில் "கோவிந்தா... கோபாலா..." கோஷம்தான். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்கள். சுமார் 110 கி.மீ. தூரம். காவி வேட்டி, கையில் விசிறி, வெறுங்கால். கூடவே விரதம் வேற!

முதல் நாள் இரவு குளிர்ச்சியில் ஓடுறது தெரியாது. மறுநாள் உச்சி வெயிலில்தான் சோதனை. வேர்வையோடு தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. அதனால்தான் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தலை சுற்றுகிறது.

எதை குடிக்கலாம்?

"விரதம், தண்ணி குடிக்கலாமா?" என்று சிலர் தயங்குவது உண்டு. வழிநெடுக பானகமும், மோரும், சுக்கு நீரும் கொடுப்பதே ஓடுறவங்க குடிக்கத்தான்! உப்பு போட்ட மோர் உப்பை ஈடுகட்டும். பானகத்தின் இனிப்பு தெம்பு தரும். கஞ்சி கிடைத்தால் விடாதீங்க. இளநீரும் நல்லது.

வெயில் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். ஒரே மூச்சில் வயிறு முட்ட வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

மடியில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டி அளக்கணும், கூடக்கூடாது.

சிறுநீர் அடர் மஞ்சளாக போனால் உடம்பில் தண்ணீர் குறைவு என்று அர்த்தம்.

குளத்தில் கவனம்

ஓடி வந்த வேகத்தில் கோவில் குளத்தில் குதிக்காதீங்க. தண்ணிக்குள் கால் பிடித்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்துதான். கொஞ்சம் உட்கார்ந்து, படிக்கட்டிலேயே குளியுங்க.

சர்க்கரை, பிரஷர், இதய நோய், கிட்னி கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கவோ, மாத்திரையை நிறுத்தவோ கூடாது. பானகமும் சர்க்கரைதான், மறக்காதீங்க!

உடன் வருபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாக கொதித்தாலோ நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 108-க்கு போன் போடுங்க.

முடியாவிட்டால் மீதி கோவிலுக்கு வண்டியில் போகலாம். அப்படி போகும் பக்தர்களும் ஏராளம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் நல்லபடியா திரும்பி வருவதுதான் முக்கியம்.