மூட்டு வீக்கம்: சாப்பாடுதான் காரணமா?

விடியப்புறம் எழும்பியதும் கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. தேங்காய் திருவ முடியவில்லை. கிணற்றுக் கயிற்றை இறுகப் பிடிக்க முடியவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் கை கொஞ்சம் இளகுகிறது. "இது வாய்வு, சாப்பாட்டைக் கவனி" என்று அயலில் சொல்வார்கள். முதலில் கத்தரிக்காயை விடுவோம். பிறகு பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக நிற்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வீக்கம் இருந்தபடியே இருக்கும். ஆள்தான் மெலிந்து வெளிறிப் போயிருப்பார்.

சொந்தக் காணியில் இருந்த காலத்தில் ஒன்றை விட்டால் இன்னொன்று வளவில் கிடைத்தது. முருங்கை நின்றது, கோழி நின்றது. இடம்பெயர்ந்து வந்து, அரிசியும் மாவும் பருப்பும் அளந்து வாங்கிச் சமைக்கும் குடும்பத்தில் பருப்பையும் நிறுத்தினால் உடம்பை வளர்க்கும் புரதத்துக்கு எங்கே போவது? ஆகவே பத்தியம் பிடிக்கும் முன்னர் எந்த நோவு என்று அறிந்துகொள்வது அவசியம்.

மண்வெட்டி பிடித்து, மூட்டை சுமந்து தேய்ந்த முழங்கால் வேலை செய்தபின் மாலையில் நோகும், இருந்தால் ஆறும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். மற்ற வகை அப்படியல்ல. ஓய்வெடுத்து எழும்பும்போதுதான் அது மோசம். விறைப்பு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடிக்கும். இரண்டு கைகளிலும் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் மணிக்கட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். அடிமூட்டுகளைச் சேர்த்து மெல்ல நெரித்தால் நோகும். காரணமில்லாத களைப்பும் கூட வரும். இதுதான் முடக்குவாதம். கிளினிக் கொப்பியில் 'ருமற்றொயிட்' என்று எழுதுவார்கள். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரக்கூடியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க நமது உடம்பில் ஒரு காவல் உண்டு. காவலுக்குக் கட்டிய நாய் வீட்டுக்காரரையே கடிப்பதுபோல, அந்தக் காவல் சில வேளை தனது உடம்பையே தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு தாக்கப்பட்டுத் தடிக்கிறது. பிறகு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்த அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடும். கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. பத்தியத்தில் கழித்த மாதங்கள் இப்படித்தான் இழப்பாகின்றன.

அப்படியானால் உணவுக்கும் மூட்டுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, சில நோய்களில். கால் பெருவிரல் ஓர் இரவில் சிவந்து வீங்கி, சீலை பட்டாலே துடிக்க வைப்பது யூரிக் அமிலம் கூடுவதால் வரும் வாதம். அதற்கு மதுவும் ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியும் ஆகாது. மற்றொன்று சீலியாக் என்னும் நோய். கோதுமையிலுள்ள ஒரு புரதம் உடம்பின் காவலைத் தூண்டி, குடலைப் புண்ணாக்குகிறது. சிலருக்கு மூட்டும் நோகிறது. நெதர்லாந்துச் சிறுவர் வைத்தியர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் இதற்குக் கோதுமையே காரணம் என்று காட்டினார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் இல்லாதபோது நோயாளிப் பிள்ளைகள் தேறியதும், பாண் வந்ததும் மீண்டும் வாடியதும் அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தியதாகச் சொல்வார்கள். நாட்பட்ட வயிற்றோட்டமும் இரத்தசோகையும் மூட்டு நோவும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் இதைக் கேளுங்கள். இரத்தம் சோதிக்கும்வரை பாணையும் கோதுமை மாவையும் நிறுத்த வேண்டாம்; நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். அரிசியிலும் குரக்கனிலும் அந்தப் புரதம் இல்லை.

முடக்குவாதக்காரருக்கு விலக்க வேண்டிய உணவு என்று பொதுவான பட்டியல் எதுவும் கிடையாது. சூடை, சாளை போன்ற கொழுப்பு மீன் நோவைச் சற்றுக் குறைக்கவும் கூடும். விட வேண்டியது புகைத்தலை. ஓர் உணவு ஒத்துக்கொள்வதில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால், அந்த ஒன்றை மட்டும் மூன்று கிழமை நிறுத்தி, பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். நோவு கூடுகிறதா என்று கலண்டரில் குறியுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அதைத் தாராளமாக உண்ணலாம்.

பிள்ளைகளின் காரியம் வேறு. நெருக்கமாக வாழும் இடங்களில் தொண்டை நோ சுலபமாகப் பரவும். அது வந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பின் 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது வற்ற அடுத்த மூட்டு வீங்கினால் வாதக்காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு தானாகச் சுகமாகிவிடும். இதய வால்வு பழுதாகிவிடக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல வருடங்களுக்குத் தேவைப்படும்.

பெரியவர்களுக்கு 2006இல் நம் நாட்டில் பரவிய சிக்குன்குன்யாவை நினைவிருக்கும். நுளம்பால் வரும் அந்தக் காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு நோவு மாதக்கணக்கில் நிற்கலாம். காய்ச்சல் வந்த விபரத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீக்கம் ஆறு கிழமைக்கு மேல் நின்றால் எண்ணெயோடும் ஒத்தணத்தோடும் காலம் கடத்தக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. அங்கே பெரும்பாலும் தருவது மெதொற்றெக்சேற் என்ற குளிசை. இது கிழமையில் ஒரு நாள் மட்டும் எடுப்பது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை நாள் என்று பெட்டியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். குணம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை செல்லும். "வேலை செய்யவில்லை" என்று இடையில் விட வேண்டாம். மது கூடாது. பிள்ளை உண்டாகியிருப்பவரும், பிள்ளை பெற எண்ணியிருப்பவரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறெட்னிசலோன் குளிசையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பெயர் எழுதாத தூளையும் குளிசையையும் வாங்காதீர்கள். உடனே நோவை எடுக்கும் சிலவற்றில் இதே மருந்தைக் கலந்திருப்பார்கள்.

அவசரமாக இடம் மாற நேர்ந்தால் கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். புதிய இடத்து வைத்தியசாலையில் அதைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்தே மருந்தைத் தொடரலாம்.